நோய் வந்தபின் நாயை ஏன் அனுப்ப வேண்டும்?

சில ஆண்டுகளுக்கு முன், இதய நோய்ப் பிரிவிலிருந்து வீடு திரும்பவிருந்த முதியவர் ஒருவரின் மகள் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். மருந்து வேளைகளையும் உப்பைக் குறைப்பதையும் மறுபரிசோதனைக்கு வரவேண்டிய நாளையும் கேட்டுக் குறித்துக்கொண்டவர், புறப்படும்போது கதவருகே நின்று, “வீட்ல ஒரு நாய் நிக்கு டாக்டர். அத என்ன செய்யணும்?” என்றார். எங்களில் ஒருவர், அடுத்த நோயாளியின் தாள்களைப் புரட்டியபடியே, “யாருக்காவது குடுத்திருங்கம்மா, எதுக்கு வம்பு” என்று சொல்லிவிட்டார். அரை நிமிடத்தில் முடிந்த பேச்சு அது.

அந்த முதியவர் துறைமுகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். திரேஸ்புரம் பக்கம் வீடு. ஒன்பது ஆண்டுகளாக, விடியுமுன் அந்த நாயைப் பிடித்துக்கொண்டு கடற்கரைச் சாலையில் நடந்து திரும்புவது அவர் வழக்கம். மருத்துவர் சொல்லிவிட்டார் என்பதால், வீட்டார் நாயை உறவினர் ஒருவரின் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டனர். ஒரு வாரத்தில் அது கயிற்றை அறுத்துக்கொண்டு எங்கோ போய்விட்டது, தேடியும் கிடைக்கவில்லை. ஆறு மாதம் கழித்து முதியவர் பரிசோதனைக்கு வந்தபோது எடை கூடியிருந்தது, இரத்தச் சர்க்கரையும் கூடியிருந்தது. தினமும் நடக்கிறீர்களா என்று கேட்டோம். “யார் கூட நடக்க?” என்றார்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குக் காலந்தாழ்ந்து நாங்கள் சொல்லும் விடை. நோய் வந்தவுடன் வீட்டு நாயை வெளியேற்றுவது பெரும்பாலான நோயாளிகளுக்குத் தேவையற்றது, பலருக்குத் தீங்கானது. அந்த நாய், மருத்துவமனை எவ்வளவு முயன்றாலும் கொடுக்க இயலாத ஒன்றை அவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. நாய் வளர்க்காதவர்களை நாய் வாங்கச் சொல்லவில்லை. அது வேறு முடிவு, எளிதில் எடுக்கத் தகாத முடிவு. ஏற்கெனவே நாய் உள்ள வீடுகளைப் பற்றியே பேசுகிறோம்.

நடக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லாத நோயாளி இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர் ஒருவருக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலுழைப்பு வேண்டும். நாளொன்றுக்கு அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் என்றால் கீழ் எல்லையை எட்டிவிடலாம். ஆயினும் 2022-ஆம் ஆண்டு நிலையைக் கணக்கிட்ட ஆய்வொன்று, இந்தியப் பெரியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அந்த அளவைக்கூட எட்டுவதில்லை என்று காட்டியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடந்து 2023-இல் வெளிவந்த ஆய்வோ, நாட்டில் நீரிழிவு உள்ளோர் 10.1 கோடி என்றது. தமிழக அரசும் அதே ஆண்டு நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைத்தடம் ஒன்றைக் குறித்தது. பாதையும் உண்டு, அறிவுரையும் உண்டு. குறைவது எது? வீடு திரும்பிய பத்தாம் நாள் நடக்கத் தொடங்குபவர், நாற்பதாம் நாள் நிறுத்திவிடுகிறார். மழை, விருந்தினர், திருமணம், கால்வலி என்று முதலில் ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. பிறகு காரணமே வேண்டியதில்லை.

நாய் உள்ளவருக்கு அந்த வசதி இல்லை. விடியற்காலை நான்கரை மணிக்குக் கட்டிலருகே வந்து நிற்கும் நாயிடம் ‘இன்று வேண்டாம்’ என்று சொல்லிப் பாருங்கள். அது வாதாடாது, வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். அவ்வளவுதான். எழுந்துதான் ஆகவேண்டும்.

இதை எங்கள் அனுபவமாக மட்டும் சொல்லவில்லை. இங்கிலாந்தின் மேற்குச் செஷயர் பகுதியில் 385 குடும்பங்களிடையே லிவர்பூல் பல்கலைக்கழகத்தார் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், மேலே சொன்ன 150 நிமிட அளவை எட்டும் வாய்ப்பு நாய் வளர்ப்போரிடம் மற்றவரைவிட ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்தது. சுவீடனில் 40 முதல் 80 வயது வரையிலான 34 இலட்சம் பேரின் பதிவேடுகளைப் பன்னிரண்டு ஆண்டுக் காலத்துக்கு ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார்கள். அதில் தனியாக வாழ்பவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், நாய் வளர்ப்போரிடம் இறப்பு அபாயம் 33 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டது. இவற்றுக்கெல்லாம் முன்னோடி 1980-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வு. இதய நோய்ப் பிரிவில் சேர்ந்த 92 பேரை ஓராண்டு கவனித்தார்கள். வளர்ப்புப் பிராணி உள்ள 53 பேரில் 3 பேர் இறந்திருந்தனர். இல்லாத 39 பேரில் 11 பேர்.

இந்த எண்களை வைத்து நாய் இதயத்தைக் குணமாக்கும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஓரளவு உடல்நலம் உள்ளவர்தாம் நாய் வளர்க்க முன்வருகிறார் என்பதும் காரணமாக இருக்கலாம். ஆய்வாளர்களே அதை ஒப்புக்கொள்கிறார்கள். சுவீடனின் குளிரில் நடப்பது வேறு, நம் உப்பளக் காற்றில் நடப்பது வேறு. ஆனால், தொற்று வரும் என்று அஞ்சி நாயை அனுப்பிவிடுவோர், அதனால் எதை இழக்கிறோம் என்பதையும் தராசின் மறுதட்டில் வைக்க வேண்டும். அன்று நாங்கள் அதைச் செய்யத் தவறினோம்.

இங்கே பெண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2022-ஆம் ஆண்டு நிலையைக் காட்டிய அதே ஆய்வின்படி, போதிய உடலுழைப்பு இல்லாதோர் இந்திய ஆண்களில் ஏறத்தாழ 42 விழுக்காடு, பெண்களில் 57 விழுக்காடு. நாள் முழுதும் அடுக்களையிலும் கிணற்றடியிலும் நிற்பவர்களுக்கு எப்படி உடலுழைப்பு இல்லாமற்போகும் என்று சிலர் கேட்கலாம். நிற்பதும் களைப்பதும் வேறு. இதயம் விரைந்து துடிக்கும்படி அரை மணி நேரம் தொடர்ந்து நடப்பது வேறு. அந்த அரை மணி நேரத்துக்காக ஐம்பது வயதுப் பெண் ஒருவர் காலையில் தெருவில் இறங்கினால், நான்காம் வீட்டைக் கடப்பதற்குள் “எங்க போற?” என்ற கேள்வி வந்துவிடுகிறது. பாலுக்கு, கோயிலுக்கு, பூசைக்கு, மீன் வாங்க என்றால் போகலாம். நடப்பதற்காக நடக்கிறேன் என்பது நம் தெருக்களில் இன்னும் போதிய விடையாகவில்லை. ஆண்களிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கையில் நாய் இருந்தால் கேள்வி எழுவதில்லை. நாயை வெளியே கொண்டுபோகத்தானே வேண்டும்! எங்கள் நீரிழிவுப் பிரிவுக்கு வரும் பெண்களில் ஒழுங்காக நடப்பவர்கள் சிலரிடம் பேசியபோது, மகன் வளர்த்துவிட்டு வெளிநாட்டுக்கோ கப்பல் வேலைக்கோ போய்விட, தம் தலையில் விழுந்த நாயைத்தான் அவர்கள் நடத்திக்கொண்டிருந்தனர். “அவன் போனான், இதை விட்டுட்டுப் போயிட்டான்” என்று குறைப்பட்டுக்கொண்டேதான் சொன்னார்கள். ஆனால் அவர்களுடைய மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு குறைப்படும்படியாக இல்லை. இருட்டு விலகாத வேளையில் துணையாக ஒன்று உடன் வருகிறது என்ற தைரியமும் உண்டு.

‘நாய்’ என்பது நம் மொழியில் வசைச்சொல்லாகிவிட்டது. ஆயினும் நம் மரபுகள் எல்லாம் அப்படி நினைத்தவை அல்ல. இறுதிப் பயணத்தில் தம்பியரும் மனைவியும் ஒருவர்பின் ஒருவராக வீழ்ந்தபின், தருமபுத்திரருடன் கடைசி வரை நடந்தது ஒரு நாய்தான். அதை விட்டுவிட்டு வந்தால்தான் சொர்க்கம் என்றபோது அவர் மறுத்தார் என்பது பாரதக் கதை. பைரவருக்கு நாய் ஊர்தி. கொள்ளைநோய்க் காலத்தில் மக்கள் வேண்டிக்கொள்ளும் புனித ஆரோக்கியநாதரின் சுரூபத்தில், காலடியில் ஒரு நாயைக் காணலாம். காட்டில் நோயுற்றுக் கிடந்த அவருக்கு அது அப்பம் கொண்டுவந்து கொடுத்தது என்பார்கள். சமய ஒழுக்கம் காரணமாக வீட்டுக்குள் நாய் வளர்க்காத குடும்பங்களும் எங்கள் வாசகரிடையே நிறைய உண்டு. அவர்கள் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. நடைக்குத் துணை ஒன்று வேண்டும் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, அண்டை வீட்டாரையோ பேரனையோ சேர்த்துக்கொள்ளட்டும்.

எல்லா நாயும் எல்லா நோயாளிக்கும் ஏற்றதன்று. நம் வட்டாரத்து நாய்களையே எடுத்துக்கொள்வோம். கோவில்பட்டி, சாத்தூர்க் கரிசல் நிலங்களில் வளர்ந்தவை கன்னியும் சிப்பிப்பாறையும். ஒடுங்கிய இடுப்பு, நீண்ட கால், ஆழ்ந்த மார்பு. கறுப்பு உடலில் பழுப்பு அடையாளங்கள் உள்ளதைக் கன்னி என்றும், மற்ற நிறங்களில் உள்ளதைச் சிப்பிப்பாறை என்றும் சொல்வது வழக்கம். (பெயரில் சிப்பி இருப்பதால் நம் கடலோர ஊர் என்று எண்ணிவிட வேண்டாம், சிப்பிப்பாறை விருதுநகர் மாவட்டத்தில் கடலைக் காணாத ஊர்.) கன்னி நாயை விலைக்கு விற்காமல் மணமகளுக்குச் சீராகக் கொடுத்தனுப்பும் வழக்கம் இருந்தது என்று பெரியோர் சொல்வர். முயலை விரட்டிப் பிடிப்பதற்கென்றே பழக்கப்பட்ட இனங்கள் இவை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தபின் வேட்டைக்கு இடமில்லை. ஓட வேண்டும் என்ற வேட்கை மட்டும் அவற்றின் இரத்தத்தில் இருக்கிறது. வெயிலும் இவற்றுக்குப் பழக்கம். அந்த நாயை, சென்ற மாதம் இதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட அறுபத்தைந்து வயதுக்காரர் பிடித்துச் செல்லக் கூடாது. சாலையின் குறுக்கே பூனை ஒன்று ஓடினால் போதும்.

இழுத்து வீழ்த்தப்படும் அபாயம் கற்பனையன்று. அமெரிக்காவில் நாயைக் கட்டிப் பிடித்து நடக்கையில் எலும்பு முறிந்து அவசரச் சிகிச்சைக்கு வந்த 65 வயதும் அதற்கு மேலும் ஆனோரின் எண்ணிக்கை, 2004-இல் 1,671 ஆக இருந்து 2017-இல் 4,396 ஆக உயர்ந்தது என்று 2019-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் பெண்கள். இடுப்பு எலும்பு முறிவே மிகுதி. முதுமையில் இடுப்பு முறிந்தால் அதன் விளைவு எங்கே போய் நிற்கும் என்பதை எங்கள் எலும்பு முறிவுப் பிரிவில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கயிற்றைப் பிடிப்பது எப்படி என்று இந்தக் கரைக்குச் சொல்லிக்கொடுக்க முனைவதே சற்று மிகைதான். 1961-ஆம் ஆண்டோடு இங்கே முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. அதுவரை, கல்லைக் கட்டிக்கொண்டு மூழ்கியவரின் உயிர், மேலே தோணியில் கயிறு பிடித்திருந்தவரின் கையில் இருந்தது. அந்தக் கயிற்றைப் பெரும்பாலும் மைத்துனரிடம் நம்பிக் கொடுத்தார்கள் என்று இன்றும் சொல்வார்கள். அவர் பராக்குப் பார்க்க முடியாது. நாயின் வாரைப் பிடிப்பவரும் கைப்பேசியில் பேசிக்கொண்டு நடக்கக் கூடாது. வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளாதீர்கள், விரல்களில் வளையமாக மாட்டிக்கொள்ளாதீர்கள். நாய் பாய்ந்தால் கையைத் திறந்தவுடன் வார் நழுவிப் போய்விட வேண்டும். நாயைவிட நீங்கள் அரியவர். சிறுநீரகச் சுத்திகரிப்புக்காகக் கையில் இரத்தக் குழாய் இணைப்பு செய்துகொண்டவர்கள், அந்தக் கையால் வாரைத் தொடவே கூடாது. நெஞ்சைப் பிளந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு நெஞ்செலும்பு கூடுவதற்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை ஆகலாம். அதுவரை இழுக்கும் எதையும் பிடிக்க வேண்டாம். பேஸ்மேக்கர் பொருத்திக்கொண்டவர்கள் அந்தப் பக்கத்துக் கையைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியானால் அந்த வாரங்களில் நாயை யார் நடத்துவது? நாங்கள் வீட்டாரிடம் கேட்டுக்கொள்வது இதைத்தான். மகனோ மருமகளோ பேத்தியோ வாரைப் பிடிக்கட்டும். நோயாளி பக்கத்தில் வெறுங்கையோடு நடக்கட்டும். முதல் வாரம் வீட்டு முற்றம், அடுத்த வாரம் தெருமுனை, பிறகு இரண்டு தெரு. நாய் ஒவ்வொரு மின்கம்பத்திலும் நின்று மோப்பம் பிடிக்கும். அவசரக்காரர்களுக்கு அது எரிச்சல். நோயிலிருந்து தேறி வருபவருக்கு அது ஓய்வு. தனியாக நடப்பவர் தம்மை விரட்டிக்கொள்வதுண்டு, நாயோடு நடப்பவருக்கு அது வாய்ப்பதில்லை. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியாதபடி மூச்சு வாங்க வேண்டும். அதுதான் மிதமான வேகம். பேசவே திணறினால் வேகம் மிகுதி. நெஞ்சில் இறுக்கமோ தாடைக்கும் இடது கைக்கும் பரவும் வலியோ தலைச்சுற்றலோ வந்தால் அந்த இடத்திலேயே நின்று உட்கார்ந்துவிடுங்கள். நாயை வீட்டில் விட்டுவிட்டு வருகிறேன் என்று நடக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

நேரத்தைப் பற்றி எங்களுக்கும் எங்கள் வாசகருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. மாலை ஐந்து மணிக்கே முத்துநகர் கடற்கரையில் நாயோடு நடப்போரைக் காண்கிறோம். கடற்காற்று வீசுவதால் வெயில் தணிந்துவிட்டது என்று தோன்றும். ஆனால் நிலம் குளிர்ந்திருக்காது. புறங்கையைத் தார்ச்சாலையின் மீது வைத்து ஏழு விநாடி பொறுக்க முடியவில்லையெனில் நாயின் பாதமும் பொறுக்காது. நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுதும் வியர்ப்பதில்லை. பெரிதும் நாக்கைத் தொங்கவிட்டு இளைத்தே வெப்பத்தை வெளியேற்றுகிறது. பங்குனி முதல் ஆடி வரை விடியற்காலை மட்டுமே நடை என்று வைத்துக்கொள்வது இருவருக்கும் நல்லது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று புழுதியை வாரி இறைக்கும் நாள்களில் ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டு மாடியிலேயே நாய்க்குப் பந்து எறிந்து கொடுத்து, தாமும் அங்குமிங்கும் நடக்கலாம். சரக்குப் பெட்டக லாரிகள் ஓடும் துறைமுகச் சாலைப் பக்கம் எந்த வேளையிலும் வேண்டாம்.

மணலில் வெறுங்காலோடு நடப்பது நம் கரையில் பலருக்கு இன்பம். நீரிழிவு உள்ளவர்கள் அந்த இன்பத்தைத் துறக்கத்தான் வேண்டும். உணர்ச்சி குன்றிய பாதத்தில் கெளுத்தி முள் ஏறினாலும் தெரியாது. மூன்றாம் நாள் சீழ் வைத்தபின்தான் தெரியும். எம்.சி.ஆர். செருப்பை அணிந்து, பின்பட்டையையும் மாட்டிக்கொண்டு நடங்கள். வீடு திரும்பியதும் நாயின் கால்களைக் கழுவித் துடைத்து விரலிடுக்குகளில் உண்ணி இருக்கிறதா என்று பார்ப்பீர்கள் அல்லவா, அப்போதே உங்கள் உள்ளங்காலையும் ஒரு கண்ணாடியில் பார்த்துவிடுங்கள். நாயின் காலைப் பார்ப்பவர் தம் காலைப் பார்ப்பதில்லை என்பது நாங்கள் அடிக்கடி காணும் வேடிக்கை. மீனவர் கழித்துப்போடும் பேத்தை மீன் கரையில் கிடக்கும். நாய் அதை விழுங்கினால் உயிருக்கு ஆபத்து. தாகத்தில் கடல்நீரைக் குடிக்கவும் விடாதீர்கள். ஒரு புட்டியில் நல்ல தண்ணீர், ஒரு சிறு கிண்ணம்: அதே தண்ணீர் உங்களுக்கும் ஆகும், கிண்ணம் வேண்டாம்.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் சில வகைச் சர்க்கரை மாத்திரைகளை உட்கொள்பவர்களும் சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்றை வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, கண் இருளல் என்றால் உடனே வாயில் போட்டுக்கொள்ளுங்கள். ‘சர்க்கரையற்றது’ என்று எழுதிய மிட்டாய்களையும் மெல்லும் பசைகளையும் பையில் வைத்திருக்கிறீர்களா? அவை சிலவற்றில் உள்ள சைலிட்டால் மனிதருக்குத் தீங்கில்லை, நாய்க்கு நஞ்சு. சாக்லேட்டும் வெங்காயமும் திராட்சையும் அப்படியே. கடற்கரையிலிருந்து திரும்பும் வழியில் மக்ரூன் வாங்கி ஆளுக்குப் பாதி என்று பகிர்ந்துகொள்ளும் அன்பர் ஒருவரை அறிவோம். நடந்து எரித்ததைவிட அதிகமாக இருவரும் உள்ளே செலுத்திவிடுகிறார்கள்.

இனித் தொற்றைப் பற்றி. மகளின் கேள்விக்கு எங்களவர் சொன்ன விடையின் பின்னால் இருந்த அச்சம் அதுதான். அச்சத்துக்குக் காரணமும் உண்டு. ரேபிஸ் என்னும் வெறிநோய் முற்றியபின் காப்பாற்ற வழியில்லை. மனிதருக்கு அது வருவதில் 99 விழுக்காடு வரை நாய்களால் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஆனால் தடுப்பூசியால் முழுமையாகத் தடுக்கத்தக்க நோயும் அதுவே. மூன்று மாதக் குட்டியாக இருக்கையில் தொடங்கி, கால்நடை மருத்துவர் குறிக்கும் நாள்களில் தவறாது ஊசி போட்ட வீட்டு நாயால் வரக்கூடிய அபாயம் மிகச் சிறிது. ஊசி போடாத நாயை நோயாளி இருக்கும் வீட்டில் வைத்திருப்பதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. எலிக்காய்ச்சல் தடுப்பூசியையும் சேர்த்துக் கேளுங்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி நம் தெருக்களெல்லாம் நீரில் நின்றதை யாரும் மறந்திருக்க முடியாது. அத்தகைய நீரில் நாயும் இறங்க வேண்டாம், நீங்களும் இறங்க வேண்டாம்.

எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், அது நம் வீட்டு நாயே ஆனாலும், ஓடும் நீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்பச் சுகாதார நிலையங்களிலும் ஊசி இலவசம். தெருநாய்க் கூட்டம் உள்ள வழியைத் தவிர்த்துவிடுங்கள்; உங்கள் நாய் உடன் இருப்பதால் அவை உங்களை நாடி வருவது கூடும், குறையாது.

புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்பவர்கள், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்கள், நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து உட்கொள்பவர்கள் ஆகியோரின் நிலை வேறு. அவர்களுள் சிலருக்கு நாங்களே சில காலம் விலகியிருக்கச் சொல்வோம். மற்றவர்களும் நாயின் கழிவை அள்ளுவதைப் பிறரிடம் விடுவது, முகத்தை நக்க விடாதிருப்பது, தையல் ஆறும்வரை படுக்கையில் ஏற விடாதிருப்பது, தொட்டபின் கை கழுவுவது என்னும் ஒழுங்குகளோடு நாயை வைத்துக்கொள்ளலாம். கழிவை அள்ளுவது என்றோம். அதை அள்ளாமல் கடற்கரையில் விட்டுவிட்டு நடப்பவர்கள் மீது எங்களுக்கு மதிப்பில்லை.

உண்மையாகவே வைத்துக்கொள்ள இயலாத வீடுகளும் உண்டு. படுத்த படுக்கையான நோயாளி, அவரைப் பார்க்க ஒரே ஒரு மகள், அவரும் வேலைக்குப் போக வேண்டும் என்ற நிலையில் நாயையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எங்களுக்கு மனம் வராது. அந்நிலையில் அதற்கு ஒரு வீட்டைத் தேடிக் கொடுத்துவிட்டு அனுப்புங்கள். புறவழிச் சாலையில் இறக்கிவிட்டு வராதீர்கள். பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அப்படிக் கைவிடப்பட்ட நாய், ஊசி தீர்ந்து, குட்டி போட்டு, தெருநாயாகி, யாரோ ஒருவரின் குழந்தையை எங்கள் அவசரப் பிரிவுக்கு அனுப்பிவைக்கிறது.

இம்மாதம் முதல், வீடு திரும்பும் நோயாளிகளுக்கு எங்கள் செவிலியர் நிரப்பும் படிவத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: ‘வீட்டில் நாய் உண்டா? யார் நடத்துகிறார்கள்?’ உண்டு என்றால் அதன் வயது, எடை, இழுக்கும் பழக்கம், ஊசி போட்ட நாள் ஆகியவற்றைச் சொல்லுங்கள். எத்தனையாம் வாரத்தில் நீங்கள் வாரைப் பிடிக்கலாம் என்று உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் எழுதிக் கொடுப்பார். செவிலியர் கேட்க மறந்தால் நீங்களே நினைவூட்டுங்கள்.

அந்த முதியவர் மறுபடி நாய் வளர்க்கவில்லை. இந்த வயதில் இன்னொன்றை வைத்துப் பார்க்க முடியாது என்றார்; சரியான முடிவுதான். இப்போது பக்கத்து வீட்டுப் பையன் பள்ளிக்குப் போகுமுன் தன் நாயைக் கொண்டுபோகும்போது, அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு காத்திருக்கிறாராம். வாரைப் பையன்தான் பிடிக்கிறான்.